கிளம்பிய மூலை: விளையாட்டுக் கார் ஸ்ரிக்கர்களைத் திரும்ப ஒட்டும் வேலை

ஸ்ரிக்கரின் மூலை கிளம்பியதைக் கண்டதும் எல்லாருடைய கையும் ஒரே வேலையைத்தான் செய்யும். பெருவிரலை வைத்து அழுத்தித் தேய்க்கும். ஒரு மணித்தியாலம் ஒட்டி நிற்கும். விடிய எழும்பிப் பார்த்தால் முந்தியதைவிடக் கூடுதலாகச் சுருண்டு நிற்கும். கிளம்பிய அந்த மூன்று நான்கு மில்லிமீற்றரில் பசை ஏற்கெனவே புழுதியைப் பிடித்துவிட்டது. விரலின் எண்ணெயும் அதோடு சேர்ந்துவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் பசை பெயின்றைத் தொடுவதில்லை, இடையில் கிடக்கிற புழுதியைத்தான் தொடுகிறது. அடுத்ததாகக் கை போவது சுப்பர் குளூவுக்கு. முதல் பிழையைத் திருத்தலாம். இரண்டாவதைத் திருத்த ஏலாது.

பசைப் போத்தலைத் திறக்க முதல் இரண்டு கேள்விக்கு மறுமொழி வேண்டும். காரில் இருப்பது என்ன வகை? அது ஏன் விட்டது? இவை தெரிந்துவிட்டால், காய விடுகிற நேரத்தைத் தவிர்த்து மிச்சம் அரை மணித்தியால வேலை.

மேசை விளக்கைக் காரின் பக்கத்தில் தாழ வைத்து, வெளிச்சம் சாய்ந்து விழும்படி பாருங்கள். விளிம்பில் ஒரு படி மாதிரித் தடிப்புத் தெரிந்து, நகத்தில் தட்டுப்பட்டால் அது ஸ்ரிக்கர். கிளம்பிய ஓரத்தில் வெள்ளை நார் தெரிந்தால் கடதாசி. இழுபட்டு வளைந்தால் வைனில் என்கிற பிளாஸ்ரிக் தாள். கண்ணாடி மாதிரி மினுங்கினால் ஃபொயில். எழுத்தைச் சுற்றி மெல்லிய பளபளப்பான நிழல் ஒன்று இருந்து, நகத்தில் அநேகமாக ஒன்றும் தட்டுப்படாவிட்டால் அது தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டிய டெக்கால். விளிம்பே இல்லாவிட்டால் மென்மையான றப்பர் மெத்தையால் நேரே பெயின்றில் அடித்த ரம்போ அச்சு. அது உரிவதில்லை, தேய்ந்துதான் போகும். அதைத் திரும்ப ஒட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

காரின் வயதும் உதவும். 1953 இல் தொடங்கிய மட்ச்பொக்ஸின் முதற்கால பஸ், லொறிகளில் இருந்தவை டெக்கால்கள். கடதாசி ஸ்ரிக்கர்கள் பிறகுதான் வந்தன. 1968 இல் வந்த ஹொட் வீல்ஸின் தொடக்ககாலக் கார்கள் சிலவற்றில் ஸ்ரிக்கர்கள் இருந்தன. 70களின் நடுப்பகுதியில் அது ரம்போவுக்கு மாறியது. நல்லூர்த் திருவிழாக் கடைகளில் குவித்து வைத்து விற்கிற பிளாஸ்ரிக் கார்களில் பெரும்பாலும் மெல்லிய வைனில் அல்லது ஃபொயில். இந்தக் கார்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஏன் விடுகிறது என்பதற்கு வருவோம். தட்டையான கதவின் நடுவில் இருக்கிற ஸ்ரிக்கர் இலேசில் கிளம்பாது. கிளம்புவது சில்லுக்கு மேலுள்ள வளைவில், பொனெற்றின் மடிப்பில், கூரை சரிந்து இறங்குகிற இடத்தில். தட்டையாக வெட்டிய ஒரு தாளை இரண்டு பக்கம் வளைந்த உடம்பில் ஒட்டினால் அது எந்த நேரமும் பழையபடி நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். பசை புதிதாக இருக்கும்வரை அந்த இழுவையைத் தாங்கும். வருசக்கணக்கில் காற்றும் வெப்பமும் பட்டுப் பசை இறுகி வறண்டதும் கூர்மையான மூலை முதலில் விடும். வைனிலை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய்த்தன்மையான பொருளும் காலப்போக்கில் பசைக்குள் இறங்கி அதைக் களிபோல் ஆக்கிவிடும். வைனிலோ அதை இழந்து சுருங்கும். பழைய வைனில் ஸ்ரிக்கரைச் சுற்றி ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் அழுக்குக் கோடு இருந்தால், அதுதான் சுருங்கியதன் அடையாளம். அந்த ஸ்ரிக்கர் பழைய அளவுக்குத் திரும்ப வராது. இழுத்துப் பொருத்தப் பார்க்க வேண்டாம்.

எங்கள் யாழ்ப்பாண வீடுகளில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஷோகேஸ் கண்ணாடியின் இடுக்கால்கூடப் புழுதி உள்ளே போய்விடும். மற்றது, காரை மினுக்குவதற்கு டாஷ்போர்ட் ஸ்பிரே அடிப்பது. அதில் சிலிக்கோன் இருக்கும். சிலிக்கோன் பட்ட இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது, சும்மா துடைத்தாலும் போகாது.

தேவையான சாமான்களில் பாதி வீட்டிலேயே கிடக்கிறது. பசை பூசுவதற்கு ஈர்க்கைவிட நல்ல கருவி கடையில் இல்லை. தென்னோலை ஈர்க்கின் மெல்லிய நுனியை பிளேட்டால் சாய்வாகச் சீவினால் அரை மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு கரண்டி கிடைக்கும். ஸ்ரிக்கரைக் கிழிக்காமல் வளைந்து அடியில் போகும். பல்லுக்குத்தும் குச்சி தடிப்பு, வளையாது. காது துடைக்கிற பஞ்சுக்குச்சி பத்து, பாமசியில் ஒரு 1 மில்லிலீற்றர் ஊசிச் சிறிஞ்ச், பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு சென்ரிமீற்றர் அகலப் பட்டிகள், மெல்லிய பொலித்தீன் துண்டு, புது ஸ்ரிக்கர் ஒன்றின் வழுக்குகிற பின்தாள். பசைக்கு பைண்டர் கம், அதாவது வெள்ளையாக இருந்து காய்ந்ததும் தெளிகிற பி.வி.ஏ.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்திலின் உள்ளே படிகிற வெள்ளைப் படிவு காரின் கறுப்புப் பெயின்றிலும் வட்ட வட்டமாகப் படியும். டெக்காலுக்கு அடியில் மாட்டுப்பட்டால் துடைக்கவும் வழியில்லை. தீவுப் பகுதிகளில் உப்பும் சேர்ந்துவிடும். கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் போதும், ஆனால் கடைசித் துடைப்புக்கும், பசை கரைப்பதற்கும், டெக்கால் ஊறவைப்பதற்கும் பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீரை வாங்குங்கள். போத்தலில் அமிலமா தண்ணீரா என்று வாசித்து வாங்க வேண்டும், இரண்டும் ஒரே கடையில் இருக்கும். மாரியில் ஓட்டுக் கூரை ஒருமுறை நன்றாகக் கழுவுப்பட்ட பிறகு பிடித்த மழைத் தண்ணீரும் நல்லது.

இனிச் சுத்தம். பாத்திரம் கழுவுகிற திரவத்தில் இரண்டு துளியை ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்து, பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, ஸ்ரிக்கர் விட்ட இடத்தின் பெயின்றை மட்டும் துடைக்க வேண்டும். பிறகு வடித்த தண்ணீரில் நனைத்த குச்சியால் இரண்டு தரம். கடைசியாக ஐசோபுரொப்பைல் அற்ககோல், 70 வீதமானது போதும், ஒரே ஒரு தரம். முதலில் காரின் அடிப்பக்கத்தில் பெயின்ற் உள்ள ஒரு இடத்தில் தொட்டுப் பாருங்கள். குச்சியில் நிறம் வந்தால் அந்தக் காருக்கு அற்ககோல் வேண்டாம். பாமசியில் கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றை எடுத்துத் தருவதும் உண்டு. அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். தோலுக்கு நல்லது, எங்களுடைய வேலைக்குக் கூடாது, காய்ந்த பிறகு ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். நகப்பூச்சு அகற்றுகிற அசற்றோன் பெயின்றையும் பிளாஸ்ரிக்கையும் சேர்த்துக் கரைக்கும். மண்ணெண்ணெய் பழைய பசையை எடுக்கும், ஆனால் தானே எண்ணெயாக நிற்கும். பாவித்தால் சவர்க்காரத் தண்ணீரால் மூன்று தரம் கழுவாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

ஸ்ரிக்கரின் பின்பக்கத்தில் உள்ள பழைய பசையில் கைவைக்காதீர்கள். அதில் பிடித்த புழுதியை மட்டும் எடுக்க வேண்டும். ரேப் துண்டொன்றைச் சட்டையில் இரண்டு தரம் ஒட்டி எடுத்து அதன் பிடியைக் குறைத்து, பசைப் பக்கத்தில் மெதுவாகத் தொட்டு எடுத்தால் புழுதி ரேப்பில் வந்துவிடும். பசை பொருக்காக வறண்டிருந்தால் ஈர்க்கு நுனியால் தட்டி உதிர்த்துவிடலாம்.

கடதாசி ஸ்ரிக்கர்தான் ஒட்டுவதற்கு இலேசானது. பைண்டர் கம் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இதற்குமேல் தண்ணீர் கூடினால் கடதாசி ஊதி, காயும்போது சுருக்கம் விழும். ரலி காரொன்றின் கதவில் இருக்கிற இலக்க வட்டத்தை எடுத்துக்கொள்வோம், 15 மில்லிமீற்றர் விட்டம், மேல் ஓரம் கால்வாசி கிளம்பி வெளியே சுருண்டிருக்கிறது. காய்ந்த கடதாசியை அப்படியே மடக்கினால் சுருண்ட இடத்தில் வெடிக்கும், அச்சின் மை பொருக்காக உதிரும். அதனால் ஈரப் பஞ்சுக்குச்சியை நன்றாகப் பிழிந்து சுருண்ட பகுதியின் பின்பக்கத்தை மட்டும் ஒரு தரம் தடவி, ஒரு நிமிடம் பொறுங்கள். கடதாசி தானாகத் தளர்ந்து வளையத் தொடங்கும். இப்போது ஈர்க்கு நுனியில் ஒரு கடுகளவு பசையை எடுத்து, ஒட்டி நிற்கிற எல்லையில் தொடங்கி வெளியே நோக்கித் தடவ வேண்டும். வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் பசை உள் எல்லையில் தேங்கி, காய்ந்ததும் முடிச்சு மாதிரிப் புடைத்து நிற்கும். பசை ஒரே சீராக, அடியில் உள்ள நிறம் தெரியுமளவுக்கு மெல்லிதாக இருக்க வேண்டும். உலர்ந்த பஞ்சுக்குச்சியை வட்டத்தின் நடுவில் வைத்து வெளியே உருட்டுங்கள். இழுக்க வேண்டாம், உருட்டுவதுதான் சரி. இழுத்தால் ஈரக் கடதாசியின் மேற்றோல் மையோடு வந்துவிடும். ஓரத்தில் பசை கசிந்தால் ஈரக் குச்சியால் உடனே எடுங்கள். மேலே பின்தாளின் வழுக்குகிற பக்கம் படும்படி வைத்து, அதற்கு மேல் ரியூப் பட்டியைக் காரைச் சுற்றி ஒரு சுற்று, இறுக்காமல். றப்பர் நேரே பெயின்றில் பட்டால் கறை பிடிக்கும், படுகிற இடமெல்லாம் பொலித்தீன் வையுங்கள். அரை மணித்தியாலத்தில் பிடித்துவிடும், ஆனாலும் ஒரு நாள் அப்படியே விட வேண்டும். மாரியில் இரண்டு நாள்.

பலர் வீட்டில் சோற்றுப் பசையும் கோதுமைமாப் பசையும்தான் பட்டத்துக்கும் வெளிச்சக்கூட்டுக்கும் பாவிப்பது. காருக்கு வேண்டாம். அலுமாரிக்குள் இராமபாணப் பூச்சிக்கு அது நல்ல சாப்பாடு. பசையோடு கடதாசியையும் சுரண்டித் தின்றுவிடும்.

வைனிலுக்கும் ஃபொயிலுக்கும் பைண்டர் கம் ஏன் சரிவருவதில்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அந்தப் பசை இறுகுவது தண்ணீர் வெளியேறுவதால். கடதாசிக்குள்ளால் தண்ணீர் போய்விடும். ஒரு பக்கம் பெயின்ற் பூசிய உலோகம், மறுபக்கம் வைனில் என்றால் தண்ணீர் எங்கே போவது? நடுவில் நாள்கணக்கில் பாலாகவே நிற்கும், அழுத்தினால் பிதுங்கும். வைனிலுக்கு முதல் வைத்தியம் சூடு. ஹெயார் ட்ரையரை 15 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, நிற்பாட்டாமல் அசைத்தபடி 20 முதல் 30 செக்கன். உங்களுடைய புறங்கையை அதே தூரத்தில் பிடித்துப் பாருங்கள். தாங்க முடியாத சூடென்றால் பிளாஸ்ரிக் காருக்கும் அது கூடிப்போன சூடுதான். வைனில் தளர்ந்ததும் பொலித்தீன் சுற்றிய விரலால் வளைவின் மேல் அழுத்தி, ஆறும்வரை கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். இந்தப் பிடிக்கிற ஒரு நிமிடத்தில்தான் வேலையே இருக்கிறது. சூடாக இருக்கும்போதே விட்டால் வைனில் பழைய வடிவுக்குத் திரும்பும். வளைத்துப் பிடித்தபடி ஆறவிட்டால் வளைவையே தன் வடிவாக எடுத்துக்கொள்ளும். சூட்டில் பழைய பசையும் இளகிப் பெயின்றை நன்றாக நனைக்கும்.

சூட்டுக்கும் மசியாவிட்டால் பழைய பசை செத்துவிட்டது. அப்போது மெல்லிய இரட்டைப் பக்க ரேப், நுரை இல்லாத, கிட்டத்தட்ட 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. முழு ஸ்ரிக்கரையும் சூடாக்கிக் கழற்றி, பின்பக்கத்தை ரேப்பில் பதித்து, ஓரத்தோடு புது பிளேட்டால் வெட்டி, பிறகு காரில் வைக்க வேண்டும். ஸ்ரிக்கர் கழலாவிட்டால் தையல் நூலை அடியில் கொடுத்து வாள் அறுப்பதுபோல் இரண்டு பக்கமும் இழுங்கள். ஃபொயிலை மட்டும் முழுதாகக் கழற்ற வேண்டாம். ஒரு முறை மடிந்தால் அந்தக் கோடு எந்தக் காலமும் போகாது. கிளம்பிய மூலைக்கு அடியில் ரேப்பை முக்கோணமாக வெட்டி ஈர்க்கால் தள்ளி வைப்பதோடு நிறுத்தலாம்.

திருவிழாக் கார்களின் சிக்கலுக்கு வருகிறேன். அவற்றில் கனக்க பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக்கில் செய்தவை. தொட்டால் மெழுகு மாதிரி வழுக்கும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் இருந்தால் சந்தேகமே இல்லை. உடைந்த துண்டொன்று கிடைத்தால் தண்ணீரில் போடுங்கள்: பொலிபுரொப்பிலீன் மிதக்கும், ஏ.பி.எஸ், பொலிஸ்ரைரீன் என்ற மற்றப் பிளாஸ்ரிக்குகள் தாழும். பொலிபுரொப்பிலீனில் தண்ணீரே பரவாமல் மணி மணியாகத் திரளும், பசையும் அப்படித்தான். பைண்டர் கம் காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். இங்கே அற்ககோலால் நன்றாகத் துடைத்து, இரட்டைப் பக்க ரேப்பை வைத்துப் பலமாக அழுத்துவது மட்டும்தான் ஓரளவு நிற்கும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உள்ள காரென்றால் அரைகுறையாக ஒட்டிய ஸ்ரிக்கரை வைத்திருக்கவே வேண்டாம், உரித்து எடுத்துவிடுங்கள். வாய்க்குள்தான் போகும்.

டெக்கால் வேறு உலகம். மையும் மெல்லிய வார்ணிஷ் படலமும் மட்டும்தான் அது; பசை என்பது தண்ணீரில் கரைகிற பிசின். ஏற்கெனவே காரில் இருந்து ஓரம் செதிலாக எழும்புகிற டெக்காலுக்கு ஈர்க்குக்கூட முரடு. பைண்டர் கம் ஒரு பங்குக்கு வடித்த தண்ணீர் நான்கு பங்கு, அதில் ஊசி நுனியளவு பாத்திரத் திரவம். இந்தக் கலவையைச் சிறிஞ்சில் எடுத்து ஓரத்தில் ஒரு துளி விட்டால் போதும், தானாகவே அடியில் ஊறிப் போகும். பக்கத்து வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளையாகத் தெரிந்த இடம் கரைபோல் நகர்ந்து நகர்ந்து நிறமாக மாறுவது தெரியும். செதில் விறைப்பாக இருந்தால் துளி விட முதல் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த ரிசுவை இரண்டு மூன்று நிமிடம் மேலே போட்டுத் தளர்த்துங்கள். அதற்கு மேல் வைத்தால் மிச்சப் பிசினும் கரைந்து முழு டெக்காலும் மிதக்கத் தொடங்கும். பிறகு ஈரப் பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து வெளியே உருட்டி, கசிந்ததை எடுத்து, மூடிய பெட்டிக்குள் ஒரு நாள்.

டெக்காலுக்கு அடியில் வெள்ளி மாதிரி மினுமினுப்புத் தெரிந்தால் அங்கே காற்று மாட்டுப்பட்டிருக்கிறது. மங்கலான, சொரசொரப்பான பெயின்றில்தான் இது கூட வரும், ஏனென்றால் படலம் மேடுகளை மட்டும் தொட்டு நிற்கும், பள்ளங்களில் காற்று இருக்கும். மெல்லிய தையல் ஊசியால் அந்த இடத்தில் நாலைந்து குத்து, பிறகு நிறமில்லாத விநாகிரியும் வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு துளி. விநாகிரி படலத்தைச் சற்று இளக்கிப் பள்ளத்துக்குள் இறக்கும். பத்து நிமிடத்தில் வடித்த தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். பெயின்ற் உரிந்து உலோகம் தெரிகிற காரில் விநாகிரி வேண்டாம். இந்தக் கார்களின் வார்ப்பு நாகக் கலவை, அமிலம் அதைத் தின்னும். புது டெக்கால் ஒட்டுவதென்றால் பெயின்றுக்கு மேல் முதலில் பளபளப்பான வார்ணிஷ் ஒரு பூச்சு அடித்துவிட்டால் இந்த வெள்ளிப் பிரச்சினை பெரும்பாலும் வராது.

சுப்பர் குளூ ஏன் கூடாதென்று சொன்னேன்? அது காற்றிலுள்ள ஈரத்தில் இறுகுகிற பசை. இறுகும்போது எழும்புகிற ஆவி பக்கத்துப் பெயின்றிலும் யன்னல் பிளாஸ்ரிக்கிலும் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரிப் படியும். கடதாசிக்குள் ஊறி அதைக் கண்ணாடிபோல் ஒளிபுக வைக்கும். இறுகியபின் கண்ணாடித் துண்டு மாதிரி நொறுங்கும், வளைவின் இழுவையைத் தாங்காது. அதை எடுக்க அசற்றோன் வேண்டும், அசற்றோன் பட்டால் கார் போச்சு.

ஒட்டியது நிலைப்பதும் கெடுவதும் கார் இருக்கிற இடத்தைப் பொறுத்தது. ஷோகேஸ் யன்னலுக்கு நேரே இருந்தால் பின்னேர வெயில் கண்ணாடிக்குள்ளால் போய் உள்ளே சூடு நிற்கும். தகரக் கூரைக்குக் கீழ் மேல்தட்டிலும் வைக்க வேண்டாம். இன்னுமொன்று: அலுமாரிக்குள் உடுப்போடு கார்களையும் வைத்து நப்தலீன் உருண்டை போடுவது இங்கே பழக்கம். நப்தலீன் ஆவி பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கை இளக்கும். யன்னல்கள் பிசுபிசுத்து, ஸ்ரிக்கர் இடம் நகர்ந்து கிடப்பதைக் கண்டால் பசையைக் குறை சொல்லாமல் உருண்டையைத் தேடுங்கள்.

கிழிந்துபோன, பாதி தொலைந்த ஸ்ரிக்கருக்குப் புதிது அடிக்கலாம். மிச்சமுள்ளதை அடிமட்டத்தோடு சேர்த்து நேர் மேலிருந்து படமெடுங்கள். அளவு சரியா என்பது அடிமட்டத்தில்தான் தெரியும். 300 டி.பி.ஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், 25 மில்லிமீற்றர் என்றால் 295 பிக்சல். பிரின்ற் அடிக்கிற கொமினிகேஷன் கடையில் கொடுக்கும்போது லேசர் பிரின்ரரா என்று கேளுங்கள், மைப் பிரின்ரரில் அடித்தது ஈரப் பஞ்சு பட்டவுடன் ஓடும். சாதாரணப் பிரின்ரர்களில் வெள்ளை மை இல்லை, அதனால் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை ஸ்ரிக்கர் தாளில் சுற்றியுள்ள நிறத்தைத்தான் அடிக்க வேண்டும். ஓட்டோவுக்கும் மினிபஸ்ஸுக்கும் ஸ்ரிக்கர் வெட்டுகிற கடைகளில் கழிவு வைனில் துண்டுகள் கிடைக்கும், ஒற்றை நிறக் கோடுகளுக்கு நல்லது. ஆனால் 0.08 மில்லிமீற்றர் வைனில், உண்மையான காரின் 64 இல் ஒரு பங்கு அளவில் செய்த காரில் ஒட்டப்படும்போது, உண்மையான காரில் 5 மில்லிமீற்றர் தடிப்புப் பலகை அடித்ததுபோல் தெரியும். சின்னக் கார்களுக்கு டெக்கால்தான் வடிவு.

புதிதாக வெட்டும்போது மூலைகளை அரை மில்லிமீற்றராவது வட்டமாக வெட்டுங்கள். கூர் மூலையில் இழுவை முழுவதும் ஒரு புள்ளியில் குவியும். பழைய ஸ்ரிக்கரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். 50களின் டிங்கி விளையாட்டு வண்டியொன்றின் மூலை கிளம்பிய மூல டெக்காலுக்கு இருக்கிற மதிப்பு, அதில் ஒட்டிய புதிய பளபளப்பான நகலுக்கு இல்லை. சேகரிக்கிறவர்கள் கிளம்பிய ஓரத்தை மன்னிப்பார்கள், மாற்றி ஒட்டியதை மன்னிக்கமாட்டார்கள்.

முழுதாகக் கழன்று விழுந்த துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எறிய வேண்டாம். புது ஸ்ரிக்கரின் பின்தாளில் பசைப் பக்கம் கீழே வைத்து, சின்னக் கடித உறையில் போட்டு, எந்தக் கார், எந்தப் பக்கக் கதவு என்று வெளியே பென்சிலால் எழுதி வையுங்கள். இடம் வலம் எழுத மறந்தால் அம்புக்குறி உள்ள கோடுகளை ஒட்டும்போது தலைகீழாகத்தான் போகும்.